பூசைக்கு மட்டும் வந்து போகிறவர்களும் பங்கு மக்கள்தானா?

கேள்வி: 4 பிப்ரவரி 2024, ஞாயிறு

"இந்தப் பங்குக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஆனாலும் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வதோடு சரி, பக்கத்தில் நிற்பவர் பெயர்கூடத் தெரியாது. அறிவிப்பில் ஏதேதோ குழுக்களின் பெயர் வாசிக்கிறார்கள். எதில் சேர்வது, யாரைக் கேட்பது? எதிலும் சேராவிட்டால் நான் இந்தப் பங்கைச் சேர்ந்தவன் இல்லையா?"

4 பிப்ரவரி, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில். நீங்கள் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்தான். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பங்கு என்பது பொதுவாக ஒரு எல்லைக்கு உட்பட்ட பகுதி. அதற்குள் மூன்று மாதம் குடியிருந்தாலே, அல்லது மூன்று மாதமாவது இருக்கும் எண்ணத்தோடு குடிவந்தாலே, அங்கிருக்கும் பங்குத்தந்தை உங்களுக்கும் பங்குத்தந்தை ஆகிவிடுகிறார் (சட்டம் 102, 107). அட்டை, சந்தா, குழு எதுவும் அதில் பேச்சே இல்லை.

இன்னொன்று. ஞாயிறுதோறும், பூசைக்குக் கட்டாயம் வர வேண்டிய கடன் திருநாள்தோறும் அவர் தம் பங்கு மக்களுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர் (534). அதற்கு யாரும் பூசைப் பணம் கொடுப்பதில்லை, பெயரும் வாசிப்பதில்லை. ஆக இரண்டு வருடமாக உங்களுக்கும் சேர்த்துத்தான் பூசை நடந்திருக்கிறது. உங்கள் பெயர் பக்கத்தில் நின்றவருக்குத் தெரியாததால் அது நின்றுவிடவில்லை.

எதில் சேர்வது? பூசை முடிந்ததும் ஓடாதீர்கள். பத்து நிமிடம் நில்லுங்கள். யாராவது நாற்காலி மடக்கிக்கொண்டிருப்பார். நீங்களும் இரண்டை மடக்குங்கள், மூன்றாவது வாரம் உங்களுக்கு ஒரு பொறுப்பு வந்து சேரும். நான் அப்படித்தான் மாட்டினேன். பாடகர் குழுவில் பத்தொன்பது வருடம், நடுவில் பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப்பேரவையில் செயலாளர் வேலை வேறு. எல்லாப் பங்குக்கும் பேரவை இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். செயலாளரைப் பிடித்துக் கேளுங்கள்.

வீட்டு வாசலுக்கு வந்து யாரும் கூப்பிட மாட்டார்கள். நாமாகத்தான் போக வேண்டும்.

5 பிப்ரவரி

எங்கள் கோவிலில் நாற்காலியே இல்லை, பெஞ்சுகள் தரையோடு பதித்தவை, எதை மடக்குவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, பாட்டுப் புத்தகங்களை அடுக்குங்கள்.

நேற்று எழுதியதில் ஒரு தவறு. பேரவை எல்லாப் பங்குக்கும் கட்டாயம் என்றேன், அப்படி இல்லை. கட்டாயம் என்று சட்டம் சொல்வது நிதிக்குழுவை (537). பேரவை வேண்டுமா என்பது மறைமாவட்ட ஆயர் தம் குருக்கள் மன்றத்தைக் கலந்து முடிவு செய்வது (536). அமைத்தாலும் அதற்கு ஆலோசனை வாக்கு மட்டுமே. ஆறு வருடம் செயலாளராக இருந்தவனுக்கு இதை இன்னொருவர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. என் கூட்டக் குறிப்பேடு முழுக்க 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்றுதான் இருக்கும். நாங்கள் ஆலோசனைதான் சொல்லியிருக்கிறோம் என்பது நல்லவேளை எங்களில் யாருக்கும் தெரியாது.

7 பிப்ரவரி

"நாமாகத்தான் போக வேண்டும் என்கிறீர்கள். போனால் அங்கே அதே பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். பேரவையிலும் அவர்கள், பாட்டிலும் அவர்கள், திருவிழாக் குழுவிலும் அவர்கள்."

கோபத்தோடு பதில் எழுத உட்கார்ந்தேன். மற்றவர்கள் வந்தால்தானே அந்தப் பத்துப் பேர் நகர முடியும் என்று பாதி எழுதியும் விட்டேன். அப்புறம் பழைய குறிப்பேட்டை எடுத்து எங்கள் குழுப் பொறுப்பாளர் பட்டியலை எண்ணினேன். பதினோரு அமைப்புகள். ஒரே பெயர் திரும்ப வந்தால் விட்டுவிட்டு எண்ணினால் பதினேழு பேர். என் பெயர் நான்கு இடத்தில்.

எழுதியதை அழித்துவிட்டேன்.

11 பிப்ரவரி, ஞாயிறு, பூசைக்குப் பின்

இதைச் சொல்லாமல் மேலே எழுதுவது சரியாகாது.

போன வருடம் ஒரு பெண் பாட வந்தார். முப்பது வயது இருக்கும். பூசை முடிந்து ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அண்ணா, எனக்கும் பாட ஆசை" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். பாடகர் குழு விதிமுறைகள், நானே தட்டச்சு செய்தது. வியாழன் மாலை ஏழு மணிக்குப் பயிற்சி, மூன்று முறை வராவிட்டால் பெயர் நீக்கப்படும், இப்படி ஒன்பது விதிகள். வியாழன் தனக்கு இரவு வேலை என்றார். "அப்படியானால் கஷ்டம்தான்" என்றேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஒன்பதில் ஒரு விதியையாவது பழைய ஆட்கள் கடைப்பிடிக்கிறோமா என்றால் இல்லை. எங்கள் தபேலாக்காரர் பயிற்சிக்கு வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று அவருக்கே தெரியாது.

இன்று பூசையில் பீடத்துக்கு இடப்பக்கம் நிற்காமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தேன், பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக. வருகைப்பாடல், 'எண் நூற்று நாற்பத்திரண்டு' என்று மைக்கில் அறிவிப்பு. என் முன்னால் இருந்த பெரியவர் புத்தகத்தைப் புரட்டு புரட்டென்று புரட்டினார். 142இல் இருந்தது வேறு பாட்டு. எனக்குச் சுருக்கென்றது. அது எங்கள் குழுக் கோப்பில் உள்ள எண்! மக்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் வேறு எண். இத்தனை வருடமும் எங்களுக்கு மட்டும் தெரிந்த எண்ணைக் கோவில் முழுக்க அறிவித்துவிட்டு, ஜனங்கள் வாயைத் திறப்பதே இல்லை என்று பேரவையில் குறைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 114ஆம் பத்தியில், பாடகர் குழுக்களை வளருங்கள் என்பது எங்களுக்குப் பிடித்த வரி. ஆண்டுவிழாவில் அதைத்தான் வாசிப்போம். மக்களும் தங்களுக்குரிய பங்கைப் பாடும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதே பத்தி தொடர்கிறது. அங்கே வரும்போது நாங்கள் மூச்சு வாங்க நிறுத்திவிடுவோம்.

14 பிப்ரவரி

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன், காதலர் தினத்தோடு சேர்ந்து வந்திருக்கிறது. இளையோர் குழுவில் பாதிப் பேர் நெற்றியில் சாம்பலோடு எங்கோ அவசரமாகப் போனார்கள்.

கடன் திருநாள்கூட இல்லை, வராவிட்டால் பாவமும் இல்லை. ஆனால் வருடத்தில் மிக அதிகக் கூட்டம் கூடும் நாட்களில் இது ஒன்று. மண்ணாக இருக்கிறாய், மண்ணாகவே போவாய் என்று சொல்வதைக் கேட்க நிற்கும் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி முகம் எனக்குத் தெரியாது.

19 பிப்ரவரி

முதலில் கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: "பாட வராது. மேடைப் பேச்சும் வராது. வேறு என்ன இருக்கிறது?"

இருப்பதில் எனக்குத் தெரிந்த இரண்டைச் சொல்கிறேன். இரண்டுமே இருவர் இருவராக வெளியே போகிற வேலை. பெயர் கேட்டால் ஒன்றுபோலத் தோன்றும், உள்ளே முறை வேறு.

வின்சென்ட் தே பவுல் சபை, 1833இல் பாரிசில் தொடங்கியது. பிரெடரிக் ஓசானம் என்ற கல்லூரி மாணவரும் சில நண்பர்களும். அப்போது அவருக்கு வயது இருபது. உங்கள் திருச்சபை ஏழைகளுக்கு இன்று என்ன செய்கிறது என்று விவாதத்தில் ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல், விவாதத்தை விட்டுவிட்டு ஏழைகள் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். மருந்து, வாடகை, பள்ளிக் கட்டணம், முடிந்ததைச் செய்வார்கள். கூட்டம் முடியும்போது ஒரு பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது.

மரியாயின் சேனை, 1921 செப்டம்பர் 7இல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கியது. இங்கேயும் ரகசியப் பை உண்டு, ஆனால் பொருளுதவி செய்ய அவர்கள் விதியே அனுமதிக்காது. நோயாளிகளைப் பார்ப்பது, கோவிலுக்கு வராமல் நின்றவர்களைப் போய்ப் பார்ப்பது, பேசுவது, செபிப்பது. வாரம் ஒரு கூட்டம், போன வாரம் கொடுத்த வேலையைச் செய்தீர்களா என்று ஒவ்வொருவரும் அறிக்கை சொல்ல வேண்டும். செய்யாமல் போய் உட்கார்ந்தால் முகத்தில் ஈயாடாது.

நான் வின்சென்ட் சபையில் மூன்று வருடம் இருந்தேன். எங்களுக்குக் கொடுத்த வீட்டில் ஒரு பெரியவர், இடுப்பு எலும்பு முறிந்து ஆறு வருடமாகக் கட்டிலில். முதல் வாரம் என்ன வேண்டும் என்று கேட்டோம். மருந்து மகன் வாங்கித் தருகிறான், பங்கு அறிவிப்புத் தாளைக் கொண்டுவாருங்கள் என்றார். கண்ணும் சரியில்லை, நாங்கள்தான் வாசிக்க வேண்டும். பூசைக் கருத்துகள், திருமண ஓலைகள், யார் வீட்டில் ஞானஸ்நானம், எல்லாம் வரி விடாமல். "இந்தப் பெண்ணின் தாத்தாவும் நானும் ஒன்றாகப் பீடச் சிறுவர்கள்" என்பார். "இந்தப் பையன் பெயரைத் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள்" என்பார். விசாரித்தால் தப்பாகத்தான் இருக்கும். மூன்று வருடத்தில் பங்கைப் பற்றி அவரிடம் நான் கற்றுக்கொண்டது, செயலாளராக இருந்து தெரிந்துகொண்டதைவிட அதிகம். அவர் கோவில் வாசலை மிதித்து ஆறு வருடம். எந்தக் குழுப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

20 பிப்ரவரி

அன்பியத்தை ஏன் சொல்லாமல் விட்டீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். விடவில்லை, எனக்கு அதில் மனத்தாங்கல்.

அன்பியம் என்றால் பல வீடுகள் சேர்ந்து மாதம் ஒருமுறையாவது நற்செய்தி வாசித்துப் பகிர்வது, நல்ல ஏற்பாடு. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து பரவிய ஏழு படி முறைதான் பல இடங்களில். ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு, அப்புறம் ஆறாவதாக 'நாம் என்ன செய்யப் போகிறோம்', கடைசியாகச் செபம். எங்கள் அன்பியத்தில் ஐந்து படியும் அருமையாகப் போகும். ஆறாவது வந்ததும் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், யாராவது சட்டென்று கண்ணை மூடிச் செபத்தைத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அது நான்தான்.

25 பிப்ரவரி

கணக்குக் காட்டாத பங்கில் எதற்குச் சேர வேண்டும் என்று ஒருவர். நியாயமான கேள்வி. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது (1287, இரண்டாம் பிரிவு), எப்படிச் சொல்வது என்பதை அந்தந்த மறைமாவட்ட விதி தீர்மானிக்கும். கேளுங்கள், ஆனால் எழுதிக் கேளுங்கள். நான் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சத்தமாகக் கேட்டேன். கணக்கு கிடைக்கவில்லை, கோபக்காரன் என்ற பெயர் கிடைத்தது. அடுத்த வருடம் நான்கு வரிக் கடிதமாகக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

3 மார்ச்

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, யார் யார் பாதத்தைக் கழுவுவது என்ற பட்டியலைத் தயாரிக்கச் சொல்லி ஃபாதர் என்னிடம் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு பேர். போன வருடத் தாளை எடுத்து ஆண்டை மட்டும் அடித்துத் திருத்துவதுதான் எப்போதும் வழக்கம். எடுத்தேன். அதற்கு முந்தைய வருடத் தாளையும் எடுத்தேன். ஒன்பது பெயர் அப்படியே இருக்கிறது. பிப்ரவரி ஏழாம் தேதி எழுதியவர் சொன்ன அதே பத்துப் பேர், இங்கே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வருடா வருடம் கழுவி இவர்கள் கால்தான் பங்கிலேயே சுத்தமான கால்.

இந்த முறை மாற்றலாம் என்று இருக்கிறேன். 2016 ஜனவரியில் வத்திக்கானிலிருந்து வந்த ஆணை ஆண்கள் மட்டும் என்பதை எடுத்துவிட்டது. ஆண், பெண், இளையோர், முதியோர், நலமாக இருப்பவர், நோயாளி என்று இறைமக்களின் எல்லாப் பகுதியையும் காட்டும்படி தேர்ந்தெடுங்கள் என்கிறது. எங்கள் பட்டியல் காட்டிய ஒரே பகுதி, பேரவை.

6 மார்ச்

பன்னிரண்டு பேர் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு: பன்னிரண்டு வேண்டியதே இல்லையாம்! 1955ஆம் ஆண்டுப் புனித வாரச் சடங்குத் திருத்தத்தில் பன்னிரண்டு என்று இருந்தது, 1970 திருப்பலிப் புத்தகத்தில் எண்ணிக்கையை எடுத்துவிட்டார்கள். ஃபாதரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆக மூன்றாம் தேதி நான் பன்னிரண்டு என்று எழுதியதும் பழக்க தோஷம்.

எண்ணிக்கை போனதில் ஒரு லாபம், யூதாசு இடத்தில் உட்காருவது யார் என்ற வருடாந்திரக் கிண்டலும் போகும்.

17 மார்ச்

கேட்கத் தொடங்கினேன். நினைத்ததைவிடக் கஷ்டம்.

கட்டில் பெரியவரிடம் போனேன். மகனும் நானும் சேர்ந்து சக்கர நாற்காலியில் கூட்டி வருகிறோம் என்றேன். "என் காலை நானே தொட முடியவில்லை, அதை ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டுமா?" என்று சிரித்துவிட்டு, "அந்தத் தாளை வாசி" என்றார். வாசித்தேன்.

பாட வந்த அந்தப் பெண்ணை இன்று பூசைக்குப் பின் படிக்கட்டில் பிடித்துவிட்டேன். ஒரு வருடமாகக் கண்ணில் படும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணா, அந்தத் தாள் உபயோகப்பட்டது, பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் வீட்டுக் கணக்கு எழுதினேன்" என்றார். பாதம் கழுவ வருகிறீர்களா என்றதற்கு யோசிக்காமல் வேண்டாம் என்றார். "அதெல்லாம் வேண்டாம். பாட்டுக்குச் சரியான எண்ணைச் சொல்லுங்கள். கீழே நின்றாவது பாடிக்கொள்கிறேன்."

நான் ஏதோ பெரிதாகக் கொடுக்கப் போவதாக நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

29 மார்ச், பெரிய வெள்ளி, அதிகாலை

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நேற்று ஒன்பது பேர். ஒரு நர்ஸ், மறைக்கல்வி வகுப்புப் பையன் ஒருவன், போன மாதம்தான் குடிவந்த ஒரு தம்பதி, பேச வராத ஒருவர், அவரோடு வந்த அவர் அக்கா, கோவிலைப் பெருக்கும் அம்மா, பூசைக்கு எப்போதும் தூணுக்குப் பின்னால் நிற்கும் ஒருவர், பழைய பட்டியலிலிருந்து எங்கள் தபேலாக்காரர். தண்ணீர்க் கூஜாவைப் பிடித்துக்கொண்டு ஃபாதர் பின்னால் நான்.

கூஜாவோடு குனிந்தால் காலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பெருக்கும் அம்மாவின் குதிகால் முழுக்க வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்பிலும் கறுப்புக் கோடு. வரும் முன் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார் என்பது தோல் சிவந்திருந்ததில் தெரிந்தது. தண்ணீர் பட்டதும் காலை இழுத்துக்கொண்டார். ஃபாதர் அவசரப்படாமல் காத்திருந்தார். அவராகவே மறுபடியும் நீட்டினார். பையன் காலுறையைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தான், கழற்றியபோது அது என் கூஜாவுக்குள் விழப் பார்த்தது.

பூசை முடிந்து நற்கருணையை எடுத்துச்சென்று வைத்து, பீடத்தின் துணிகளை அகற்றிய பின் நள்ளிரவுவரை விழித்திருப்பது உண்டல்லவா, அதற்கு மணிக்கு ஒரு குழு என்று எழுதி ஒட்டுவோம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு எப்போதும் காலியாகத்தான் கிடக்கும், நானும் தபேலாக்காரரும் மாறி மாறிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்போம். நேற்று அந்த நேரத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். எண்ணவில்லை. தூண்காரர் தூணுக்குப் பின்னாலேயே நின்றார்.

பழைய பட்டியலில் இருந்த இரண்டு பேர் என்னோடு பேசவில்லை. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, வருடக்கணக்காக உழைத்தவர்கள். முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்ததும் போகிறேன்.

7 ஏப்ரல்

போனேன். ஒருவர் சமாதானமாகிவிட்டார். இன்னொருவருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அலமாரிச் சாவிக்கு இரண்டு நகல் எடுத்து ஒன்றை இளையோர் குழுவிடமும் ஒன்றைப் பெருக்கும் அம்மாவிடமும் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் முழுக்கக் கை சட்டைப் பையையே தடவிக்கொண்டிருந்தது. விதிமுறைத் தாள்களை எடுத்துப் பின்பக்கத்தைப் பாட்டு எழுத வைத்துக்கொண்டோம். பயிற்சி இனி ஞாயிறு பூசைக்கு அரை மணி முன்னால், வருபவர் வரலாம். அந்தப் பெண் வந்தார். குரல் நன்றாக இருக்கிறது, சுருதி கொஞ்சம் ஏறும். அதை நான் சொல்லவில்லை, தபேலாக்காரர் சொன்னார். அவர் பயிற்சிக்கு வந்ததே ஆச்சரியம்.

முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார், மூன்று வாரமாகப் பாட்டுப் புத்தகம் அடுக்குகிறாராம், பக்கத்தில் நிற்பவர் பெயர் தெரிந்துவிட்டதாம். பொறுப்பு எதுவும் இன்னும் வந்து சேரவில்லையாம். வரும், கொஞ்சம் பொறுங்கள்.

14 ஏப்ரல்

கோப்பு எண் தொல்லைக்கு முடிவாக, புத்தக எண்ணைக் காட்ட ஒரு பலகை செய்து பீடத்துக்கு வலப்பக்கம் மாட்டினோம். எண்களைத் தனித்தனி அட்டையாக வெட்டி ஆணியில் தொங்கவிடுவது. மாட்டும் வேலை மறைக்கல்விப் பையனுக்கு, அதாவது காலுறைப் பையனுக்கு. திருவிருந்துப் பாடல் 96. ஒற்றை ஆணியில் ஆடிய அட்டைகள் இரண்டையும் அவன் தலைகீழாக மாட்டிவிட்டான். கோவில் முழுக்க 69ஐப் புரட்டிக்கொண்டு, முதல்முறையாக எல்லோரும் ஒன்றாக, எங்களைவிடச் சத்தமாக, வேறு பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். ஆர்மோனியம்தான் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது.

அடுத்த வாரம் 6க்கும் 9க்கும் கீழே கோடு போட வேண்டும்.